மைக்ரோமீட்டரின் வாயில் சந்தனம்

1961 ஒக்டோபர் 20, வெள்ளிக்கிழமை

நேற்று நான் கடைந்து கொடுத்த ஷாஃப்டில் ஒரு சிறு பிழை. பேரிங் ஏறும் இடத்தின் விட்டம் இரண்டு தவு குறைந்துபோயிருக்கிறது. அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கைத்தான் பட்டறையில் தவு என்போம். இரண்டு தவு ஒரு தலைமயிரின் கனம்கூட வராது. பிழை என்னுடையது. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இன்று பகல் வாயால் சொன்னபோது இதை முதலில் சொல்லவில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

புதன்கிழமை மாலை பட்டறையில் ஆயுத பூசை. எங்கள் தலைமை லேத்காரரான இராமையா பாஸ் சொன்னபடி, மூக்கன் அண்ணன் கருவிகளையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணி விரித்த மேசையில் அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்ததும் அவர்தான். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன் என்பதால் வருடாவருடம் செய்வதுபோல ஓரமாக நின்று சுண்டல் வாங்கித் தின்றேன்.

மூக்கன் அண்ணன் பட்டறையில் கூட்டுகிறவர், எண்ணெய் போடுகிறவர், எதையும் தூக்கிச் சுமக்கிறவர். முன்பு ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார். ரோலரில் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. கொஞ்ச நாளில் தோட்டத்துச் செக்றோல் பதிவேட்டிலிருந்து பேரும் போயிற்று. அதன் பிறகு எங்கள் பட்டறைக்குப் பின்னால் உள்ள கரி அறையில் ஒரு மூலைதான் அவருக்கு வீடு. மனைவி வீரம்மா டயகமவில் மகளோடு தோட்டத்து லயக் குடியிருப்பில் இருக்கிறார். அங்கே இவர் தங்க முடியாது. தோட்டத்தில் பேரில்லாத ஆம்பிளை இரவில் தங்குகிறான் என்று தெரிந்தால் மருமகனின் வேலைக்கே ஆபத்து.

பூசையில் வைத்த கருவிகளை அன்றிரவு யாரும் தொடுவதில்லை. மறுநாள் பாஸ் மறுபடி கற்பூரம் காட்டி, ஒரு துண்டு இரும்பைப் பேருக்குக் கடைந்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்கலாம். நல்ல நேரம் மத்தியானத்துக்கு மேல்தான் என்று பாஸ் சொல்லியிருந்தார்.

ஆனால் வியாழன் காலையிலேயே நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து லொறி வந்துவிட்டது. பச்சைக் கொழுந்துச் சல்லடையை ஆட்டுகிற ஷாஃப்ட் இரண்டாக முறிந்திருந்தது. அது இல்லாமல் ரோலரும் ஓடாது. வாட்டிப் போட்ட கொழுந்து மாடி முழுக்கக் கிடக்கிறது என்று லொறியில் வந்தவர் சொன்னார்.

முதலாளி பாஸிடம் வந்தார். “பாஸ், பூசைய இப்பவே முடிச்சிருங்களேன். அவசரம்.”

“லொறி வந்திருச்சு, சீக்கிரம் எந்திரின்னு சாமிகிட்டச் சொல்ல முடியுமாங்க மொதலாளி?” என்றார் பாஸ்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “அலோசியஸ், நீ வேதக்காரன்தானே. ஒனக்கு என்னா பூசை? நீ லேத்துல போடு.”

பட்டறையில் இயந்திரம் பூட்டுகிற பிட்டர் சின்னராசா சுவரில் சாய்ந்துகொண்டு, “போடட்டுமே. அப்புடியே மாதா கோயில்ல ஒரு மைக்ரோமீட்டரும் எரவல் வாங்கிட்டு வரட்டும்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தவுக் கணக்கை அளக்கிற மைக்ரோமீட்டர் பட்டறைக்கே ஒன்றுதான். அது சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்தது.

நான் நின்றேன். மூக்கன் அண்ணன்தான் மேசைக்குப் போய், கருவியைக் கண்ணில் ஒற்றி எடுத்து, வெளியே இருந்த குங்குமத்தைத் தன் பனியன் நுனியால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“இந்தா தம்பி. கொழுந்து அழுகிப்போனா அந்தப் பாவம் மட்டும் சும்மா விடுமா? சாமி கோவிச்சுக்காது, பிடி.”

“மூக்கா, நீ எடுத்துக் குடுத்தது நல்லால்ல” என்றார் பாஸ்.

“ரெண்டு வெரல் இல்லாத கைதானே பாஸ். பாவம் முழுசா ஒட்டாது.”

மைக்ரோமீட்டரின் கவ்வும் வாயை மூடி, பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் அளக்க வேண்டும். அது பட்டறைக்குள் நுழைந்த முதல் வாரமே தெரிந்துகொள்கிற விஷயம். நேற்று நான் பார்க்கவில்லை. ஏன் என்று இப்போது யோசிக்கிறேன். அவசரம் என்று எழுதலாம். ஆனால் அத்தனை பேருடைய கண்களும் என் முதுகில் இருந்தன. பூசையிலிருந்து எடுத்த கருவியைச் சந்தேகப்பட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் அவர்களுக்கு இன்னும் கோபம் வரும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா, அல்லது இன்று எழுதுவதற்காக அப்படி நினைக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.

கடைந்தேன், அளந்தேன், மைக்ரோமீட்டர் காட்டியபடி சரியாக முடித்துக் கொடுத்தேன். லொறி போயிற்று.

இன்று காலை அதே லொறி அதே ஷாஃப்டோடு திரும்பி வந்தது. பேரிங் சூடேறி நீலம் பாய்ந்து, ஷாஃப்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கூடவே வந்த தோட்டத்துப் பிட்டர் முகத்தில் இரவெல்லாம் தூங்காத களைப்பு.

“சுத்தியலே எடுக்கல தம்பி. கையால தள்ளுனேன், அப்புடியே ஏறிருச்சு. பய எம்புட்டு அழகாக் கடைஞ்சிருக்கான்னு சந்தோஷப்பட்டேன்” என்றார்.

பேரிங் கையால் ஏறக்கூடாது. அடித்துத்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அதன் உள்வளையம் ஷாஃப்டின் மேல் வழுக்கிச் சுற்றும்.

போய் மைக்ரோமீட்டரின் வாயை மூடிப் பார்த்தேன். பூச்சியம் காட்டவில்லை. நடுவில் ஒன்றுமே இல்லாமல் இரண்டு தவு காட்டியது. நகத்தால் சுரண்டினேன். வெளிறிய மஞ்சள் தூள் வந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். வாயின் இரண்டு பக்கமும் மெல்லிய படலமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் கனத்தையும் ஷாஃப்டோடு சேர்த்து அளந்திருக்கிறேன்.

அப்போது முதலாளி வந்தார். தோட்டத்துத் துரை டெலிபோனில் இருந்தாராம். ஓர் இரவுக் கொழுந்து முழுவதும் புளித்துப்போயிற்று. இதைச் செய்தவனை வெளியே போடாவிட்டால் இனி எல்லா வேலையும் கண்டிக்குத்தான் போகும் என்கிறாராம்.

“என்னா நடந்துச்சு? சுருக்கமாச் சொல்லு.”

நான் சொன்னேன். சொன்ன சொற்களை அப்படியே எழுதுகிறேன்: “மைக்ரோமீட்டர் வாயில சந்தனம் காஞ்சு ஒட்டியிருந்திச்சுங்க. நான் அளக்கிறதுக்கு முன்னால பூச்சியம் பாக்காம...”

இரண்டாவது வசனம் முடியவில்லை. முதலாளி அதற்குள் திரும்பிவிட்டார்.

“சந்தனம் வச்சது எவன்?”

நான் பேசவில்லை. சின்னராசாதான், “மூக்கன்” என்றான்.

மூக்கன் அண்ணன் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். தன்னைப் பாராட்டத்தான் தேடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்போல. “நாந்தாங்க வச்சேன். வாய் தெறந்துகிட்டு இருந்திச்சு. சாமிக்குப் படைச்சா வாயிலதானே ஊட்டணும்?”

வேறு யாரும் சிரிக்கவில்லை. முதலாளி உள்ளே போய் டெலிபோனில் இங்கிலீஷில் பேசினார். ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது, நாளையோடு அனுப்பிவிடுகிறேன் என்கிற அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் விளங்கும். வேலை முடிந்து போகிற பின்னேரத் தொழில் வகுப்பில் அதையும்தான் படிக்கிறேன்.

புதிய ஷாஃப்டை பாஸே கடைந்து அனுப்பினார். என்னை அந்தப் பக்கம் வரவிடவில்லை.

மாலை வகுப்புக்குப் போனேன். கணேசமூர்த்தி மாஸ்டரிடம், ஒரு வேலை பழுதாவதற்கு இரண்டு காரணம் இருந்தால் எதை முதலில் எழுத வேண்டும் என்று கேட்டேன். அவர் கரும்பலகையை அழித்துக்கொண்டே, “சோதனையில கேட்டா ரெண்டுக்கும் ஒரே புள்ளிதான். எத முதல்ல எழுதினா என்ன?” என்றார்.

இரண்டு காரணங்களும் உண்மை. சந்தனத்தை முதலில் சொன்னது அது முதலில் நடந்ததாலா, அல்லது அது என்னுடையதல்ல என்பதாலா?


ஒக்டோபர் 21, சனிக்கிழமை

காலையில் பட்டறை திறக்கும் முன்பே இராமையா பாஸைப் பிடித்தேன். அவர் சொன்னால் முதலாளி கேட்பார் என்று நினைத்தேன். பிழை என்னுடையது, மூக்கன் அண்ணனுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன்.

பாஸ் பீடியைப் பற்ற வைத்தார்.

“எத்தன வருசமா இந்தப் பட்டறையில பூசை நடக்குது? ஒரு தடவையாச்சும் மைக்ரோமீட்டர் தப்புக் காட்டியிருக்கா?”

“நீங்க மறுநாள் தொடைச்சு, பூச்சியம் பாத்துட்டுத்தானே எடுப்பீங்க பாஸ்.”

“அதத்தான் சொல்றேன். மொறையா எடுத்தா எல்லாம் சரியா இருக்கும். நடுவுல கை வச்சான், சாமி காட்டிருச்சு. ஒன்ன நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஒனக்கு எங்க சாமி தெரியாது. அவனுக்குத் தெரியும்ல? தெரிஞ்சே எடுத்துக் குடுத்தான்ல?”

“கொழுந்து அழுகிருமேன்னுதானே பாஸ் குடுத்தாரு.”

“இப்ப அழுகாம இருந்திச்சா?”

முதலாளியின் கணக்கில் சந்தனம் வைத்தது குற்றம். பாஸின் கணக்கில் கருவியை அந்தச் சந்தனத்தோடு எடுத்துக் கொடுத்தது குற்றம். இரண்டு பேரும் ஒரே ஆளிடம் வந்து நின்றுவிட்டார்கள். நடுவில் அளந்தவன் ஒருவன் இருந்தான் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

பத்து மணித் தேநீருக்குப் பிறகு முதலாளியின் அறைக்குப் போனேன். போகும் முன் சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். பூச்சியம் பார்க்காதது முதலில். சந்தனம் இரண்டாவது. அவரை அனுப்பினால் நானும் போகிறேன் என்பது கடைசி.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில்தான் சொன்னேன். இன்று முழுவதையும் கேட்டார். அவசரப்படுத்தவில்லை.

“நேத்துச் சொன்னது பொய்யா அப்ப?”

“பொய் இல்லைங்க. அது பாதிதான்.”

“பாதி போதும்டா. தொரைக்கு ஒரு ஆளு பேரு வேணும், குடுத்துட்டேன். இன்னிக்கி வேற பேரு சொன்னா நான் பொய்யனாயிருவேன். அதோட, ஒன்ன அனுப்பிட்டா லேத்துல யாரு நிக்கிறது? நானா? கூட்டுறதுக்கு ஆளு டவுன்ல எந்தக் கட வாசலுக்குப் போனாலும் நிக்கிறான்.”

“அவருக்குப் போறதுக்கு எடமில்லைங்க.”

“எடமில்லாத ஆளு இந்த மலையில அவன் ஒருத்தனா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி ஜன்னலைச் சாத்தினார். மழைத் தூவானம் உள்ளே வந்துகொண்டிருந்தது. “ஜனவரியில புது லேத்து வருது. பாஸுக்குக் கண்ணு மங்குது, நீயும் பாக்குறதானே. யாரு அதுல நிப்பான்னு நான் இன்னும் யாருகிட்டயும் சொல்லல. இன்னும் ஏதாவது சொல்லணுமா?”

கடைசி வசனம் இன்னும் மிச்சமிருந்தது. ஐந்து சொற்கள்கூட இல்லை. “இல்லைங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

லேத்தில் போய் நின்றேன். ஒரு புல்லியின் முகத்தைச் சீவும் வேலை. ஒரு தவுகூடப் பிசகவில்லை. அதையும் கவனித்தேன். பிசகியிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வேலை முடிந்ததும் கரி அறைக்குப் போனேன். மூக்கன் அண்ணன் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். கம்பளியை மடித்துக் கயிற்றுக்குள் சொருகினார். என்னைக் கண்டதும், “கயித்த அந்தப் பக்கம் இழு தம்பி, எனக்கு வெரல் பத்தாது” என்றார். இழுத்தேன்.

“எங்கண்ணே போவீங்க?”

“டயகமவுக்குத்தான். ரெண்டு மூணு நாளு எங்கயாச்சும் ஒண்டிக்கிறலாம். பெறகு கங்காணி பாத்தான்னா வெரட்டுவான். வெரட்டுனா வேற எடம்.” பெட்டியில் உட்கார்ந்தார். “ஒண்ணு கேக்கணும். நீ படிச்ச பய, பொய் சொல்லக்கூடாது. நான் வச்ச சந்தனத்தாலதானா அந்த மிசின் நின்னுச்சு?”

“சந்தனம் இருந்திச்சுண்ணே. ஆனா நான்...”

“அப்ப நாந்தான்.”

“கேளுங்கண்ணே. நான் பூச்சியம் பாத்திருந்தா அது அப்பவே தெரிஞ்சிருக்கும். பாக்காதது என் தப்பு.”

“அது ஒங்க படிப்பு. எனக்கு வெளங்காது.” தன் கையைப் பார்த்தார். “எம்புட்டுக் கொழுந்து போச்சு?”

“ஒரு ராத்திரிக் கொழுந்துன்னாங்க.”

“ஒரு மலை முழுக்கப் பொம்பளைங்க நனைஞ்சுகிட்டுப் பறிச்சது.” எழுந்து பெட்டியைத் தோளில் ஏற்றினார். “வீரம்மாகிட்ட என்னான்னு சொல்றது? சாமி கும்பிட்டேன், வேல போச்சுன்னா விழுந்து விழுந்து சிரிப்பா.” அவரும் சிரித்தார்.

நேற்றுச் செய்ததையே நான் மறுபடி செய்திருக்கிறேன். அவர் நேராகக் கேட்டார். “இல்லை” என்ற ஒரு சொல்லை முதலில் வைத்திருந்தால் அவர் வேறு மனதோடு பஸ் ஏறியிருப்பார். சந்தனம் இருந்தது உண்மை என்பதால் அந்தச் சொல் எனக்கு வரவில்லை. துல்லியமாகப் பேச வேண்டும் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஓர் எண்ணம் இருந்திருக்கிறது.

பெட்டியை நான் சுமக்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை. பஸ் நிலையம் வரை கூடவே நடந்தேன். இடையில் தேநீர்க் கடைக்காரர், “என்னா மூக்கா, ஊருக்கா?” என்று கேட்டார். “ஆமாங்க, கருவிக்கு வாயில ஊட்டுனேன், அது என்னயக் கடிச்சிருச்சு” என்றார். கடைக்காரருக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு என் பக்கம் திரும்பி, “கரி ரூம்புல ஒழுகுற எடத்துல பீப்பா வச்சிருக்கேன். நெறைஞ்சா ஊத்திருங்க. இல்லாட்டி கரி நனைஞ்சிரும்” என்றார்.


ஒக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை

பூசைக்கு, எங்கள் கோயில் பூசைக்கு, சிசிலி அக்காவோடு போனேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று வரிசையில் நின்றேன். எந்தப் பாவம் என்று சொல்வது? பொய் சொல்லவில்லை. களவெடுக்கவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, பேரைச் சொன்னது சின்னராசா. நான் சொன்ன ஒவ்வொரு வசனமும் உண்மை. வரிசையில் என் முறை வருவதற்கு முன் விலகி வந்துவிட்டேன்.

வீட்டில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

“தொரைகிட்ட ஒன் பேரச் சொல்லலதானே?”

“இல்ல.”

“அப்ப மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு வாயப் பொத்திக்கிட்டு இரு. அப்பா மலையில கெடந்து ஒன்னய லேத்துக்கு அனுப்புனது இதுக்கா? நீயும் வேலைய விட்டுட்டு வந்திருந்தா அந்த மனுசனுக்கு வேல திரும்பக் கெடச்சிருமா?”

கிடைத்திருக்காது. அதுவும் உண்மை. இந்த மூன்று நாட்களாக என்னிடம் உண்மைகளுக்குக் குறைவில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சின்னராசா வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்று குடையை மடக்கினான்.

“மொதலாளி சொல்லி அனுப்புனாரு. புது ஆளு வர்ற வரைக்கும் கூட்டுறது, எண்ண போடுறது எல்லாம் நீதானாம்.”

“நானா?”

“பின்ன? புது லேத்துத் தொரைக்குத்தான் வெளக்குமாறும் சேத்துக் குடுக்குறாரு.” போகிறவன் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான் அன்னிக்கி மூக்கன்னு சொன்னேன்ல. மொதலாளி கேட்டாரு, சொன்னேன். நீ பேசாம நின்ன. எனக்கு என்னமோ நீயும் அதையேதான் சொல்ல நெனச்சன்னு பட்டிச்சு” என்றான்.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அவன் நடந்துவிட்டான். துரத்திப் போய்ச் சொல்லியிருக்கலாம். மழையும் பெரிதாக இல்லை.

மாலையில் வகுப்புக்கான படம் வரைய உட்கார்ந்தேன். ஒரு பேரிங் கூட்டின் குறுக்குவெட்டு. உள்வளையம் வரை வரைந்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

நாளை வழக்கத்துக்கு முன்னதாகப் போய்க் கரி அறையைத் திறக்க வேண்டும். பீப்பாயில் நிறைந்த தண்ணீரை வெளியே ஊற்ற வேண்டும். பிறகு மூன்று லேத்துகளுக்கும் அடியில் கிடக்கும் இரும்புச் சீவலை அள்ளிக் கொட்டி, தரையைக் கூட்டி, பாஸ் வருவதற்குள் எண்ணெய் போட்டு வைக்க வேண்டும்.